எழுத்துப் பிழையும் எல்லைப்புறத் தமிழும்

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியிலுள்ள என் இல்லத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவள் என் தமக்கையின் மகள். அப்பொழுது அவளுக்குப் பத்து வயது. பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழக எல்லையைக் கடந்து, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஓர் ஊரில் அவர்கள் வாழ்கின்றனர். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் பயில்வது மலையாளம். தமிழெழுத்தைத் தாயிடம் கற்றுக்கொண்டு, முதன்முதலாக அவள் தன் மாமனுக்கு எழுதிய மடல் அது. ‘வீடு’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘வீட்’ என்றிருந்தது. ‘மலை’ என்பது ‘மல’ ஆகியிருந்தது. மழையில் நனைந்து வந்த செய்தி ‘நநைந்து’ என எழுதப்பட்டிருந்தது. தம்பியைக் குறித்து எழுதுகையில் ‘அவனை’ என்பது ‘அவனெ’ என்றிருந்தது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்குப் பிழை கண்டால் கை சும்மா இராது. சிவப்பு மசியால் ஒவ்வொன்றையும் திருத்தி, அந்த அட்டையையே உறையிலிட்டுத் திருப்பி அனுப்பினேன். நல்லது செய்ததாகவே எண்ணினேன். அதன்பின் ஓராண்டுக் காலம் அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. காரணம் கேட்டபோது தமக்கை தொலைபேசியில், “எழுதச் சொன்னால், மாமா பிழை பார்ப்பார் என்கிறாள், தம்பி” என்றார்.

அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நான் திருத்திய பிழைகள் கவனக்குறைவால் நேர்ந்தவையா? அவ்வாறாயின் அவை இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒழுங்கின்றி அமைந்திருக்க வேண்டும். அவள் செய்தவையோ ஒரே சீராக, ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவைபோல் இருந்தன. அவ்விதி எது என்று தேடிச் சென்றபோது, ஒரு சிறுமியின் அஞ்சலட்டைக்குள் ஆயிரம் ஆண்டு மொழி வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டேன். அவ்வரலாற்றை, தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழும் மலையாளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை யாவரும் அறிவர். அவை எவ்வாறு பிரிந்தன என்பதை வகுத்துரைத்தவருள் தலையாயவர் ஏ. ஆர். இராஜராஜ வர்மா. 1896ஆம் ஆண்டில் வெளிவந்து, 1917இல் திருத்தி எழுதப்பெற்ற ‘கேரள பாணினீயம்’ என்னும் இலக்கண நூலில், மலையாளம் தனிமொழியாக உருப்பெற்றமைக்கு ஆறு நியதிகளை அவர் கூறுகிறார். அவற்றுள் முதலாவது, மெல்லெழுத்தின் ஓசை தன்னையடுத்து வரும் வல்லெழுத்தையும் விழுங்கிவிடுவது. நாம் ‘மாங்காய்’ என்கிறோம். அவர்கள் ‘மாங்ங’ என்பர். நம் ‘மஞ்சள்’ அங்கே ‘மஞ்ஞள்’. நம் ‘வந்து’ அங்கே ‘வந்நு’. மற்றொரு நியதி உயிரோசை ஒடுங்குதல். நம் சொல்லிறுதி ஐகாரம் அங்கே அகரமாகும்: தலை ‘தல’ ஆகும், வாழை ‘வாழ’ ஆகும், மலை ‘மல’ ஆகும். பிறிதொன்று, வினைச்சொல்லில் திணை, பால், இட வேறுபாடுகள் மறைதல். நான் வந்தேன், அவன் வந்தான், அவர்கள் வந்தார்கள் என நாம் வேறுபடுத்துவதை எல்லாம் மலையாளி ‘வந்நு’ என்னும் ஒரே சொல்லால் முடித்துக்கொள்வார்.

இவ்வேறுபாட்டை இராஜராஜ வர்மாவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கண்டு சொன்ன நூலும் உண்டு. மணிப்பிரவாள இலக்கணமாக வடமொழியில் இயற்றப்பெற்ற ‘லீலாதிலகம்’ 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. சோழ பாண்டிய நாட்டார் பேச்சு வேறு, கேரளர் பேச்சு வேறு என்று நிறுவுவதற்கு அந்நூலாசிரியர் எடுத்துக்கொண்ட சான்றுகளும் மாங்காய், தேங்காய், வந்தான், இருந்தான் போன்ற அன்றாடச் சொற்களே. ஒரு சொல்லை எவ்வாறு ஒலிக்கிறான் என்பதைக் கொண்டு அவன் எந்நாட்டான் என அறியலாம் என்னும் கருத்து, நம் மண்ணுக்குப் புதியதன்று.

ஒலி பிரிந்ததுபோலவே எழுத்தும் பிரிந்தது. பழங்காலத்தில் சேர நாட்டில் வழங்கியது வட்டெழுத்து. கேரளத்தின் மிகப் பழைய வட்டெழுத்துச் சாசனங்களுள் ஒன்றான வாழப்பள்ளிச் செப்பேடு 9ஆம் நூற்றாண்டினது. வட்டெழுத்து தமிழுக்கு ஏற்ற எழுத்து. வடமொழியின் வர்க்க ஒலிகளுக்கு அதில் இடமில்லை. வடசொற்கள் பெருகப் பெருக, அவற்றை எழுதுவதற்கு வாய்ப்பான கிரந்த எழுத்து மேலோங்கியது. கிரந்தத்தினின்று கிளைத்து, ழகரம் றகரம் முதலிய நம் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததே இன்றைய மலையாள எழுத்து. ஆகவே க, ச, ட, த, ப என்னும் ஐந்து இடங்களிலும் தமிழில் ஒவ்வொரு வல்லெழுத்தே இருக்க, மலையாளத்தில் நான்கு நான்கு உள்ளன.

இனி, தமிழன் மலையாளம் எழுதும்போது எங்கே இடறுவான் என்பதை எளிதில் ஊகிக்கலாம். நாம் ஒருவர் வாழ்வைச் சொல்வதையும் ‘கதை’ என்கிறோம். வீமன் ஏந்திய ஆயுதத்தையும் ‘கதை’ என்கிறோம். இரண்டும் தமிழில் ஒரே எழுத்துகளால் ஆனவை. மலையாளத்திலோ இவ்விரு சொற்களுக்கும் ககரமும் வேறு, தகரமும் வேறு. அவ்வாறே வலிமையைக் குறிக்கும் ‘பலம்’, பயனைக் குறிக்கும் ‘பலம்’ என்னும் இரு வடசொற்களும் அங்கே வெவ்வேறு முதலெழுத்துகளை உடையவை. இடத்தை நோக்கியே வல்லெழுத்தின் வன்மை மென்மைகளை உணர்ந்து பழகிய தமிழன், நான்கில் எது என்று தெரியாமல் முதலாவதையே எழுதிவிடுவான். அல்லது பிழைக்கு அஞ்சித் தேவையற்ற இடத்திலும் நான்காவதை எழுதுவான். ஆனால் வீடு, காடு, மரம், மழை போன்ற தாய்ச் சொற்களில் அவன் இடறுவதில்லை. அங்கே இரு மொழியின் வழக்கும் ஒன்றே. வடசொற்களில் மட்டுமே பிழைகள் குவிந்து கிடக்குமாயின், எழுதியவன் தமிழெழுத்தில் பழகியவன் எனத் துணியலாம்.

எதிர்த்திசையில் பார்ப்போம். மலையாளப் பள்ளியில் பயின்றவர் தமிழ் எழுதும்போது நேரும் பிழைகள் இவற்றினும் சுவையானவை. நமக்கு நகரம் வேறு, னகரம் வேறு. மலையாளிக்கும் அவ்விரண்டு ஒலிகளும் உண்டு. நம்மில் பலரைவிடத் தெளிவாகவே அவற்றை ஒலிப்பார். ஆனால் மலையாள நெடுங்கணக்கில் அவ்விரண்டு ஒலிகளுக்கும் எழுத்து ஒன்றே. நீர் ஊற்றுவதைக் குறிக்கும் ‘நன’ என்னும் சொல்லில் முதலெழுத்தும் இரண்டாம் எழுத்தும் ஒலியால் வேறு, வரிவடிவால் ஒன்று. ‘என்னால் இயலும்’ என்பதில் வரும் ‘என்னால்’ என்னும் சொல்லும், ‘என்றால்’ என்று நாம் கூறுவதற்கு அவர்கள் வழங்கும் சொல்லும் எழுத்தில் ஒன்றேபோல் தோன்றும். படிப்பவரே பொருள் நோக்கி ஒலியை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். இப்பழக்கத்தில் வளர்ந்த குழந்தை ‘நனைந்து’ என்பதை ‘நநைந்து’ என எழுதியதில் வியப்பென்ன? அவள் செவி தவறவில்லை. கற்ற எழுத்தின் வழியே கை சென்றது.

‘வீட்’ என்பதன் கதை இன்னும் ஆழமானது. வீடு, காடு, நாக்கு முதலிய சொற்களின் ஈற்று உகரம் முழு உகரமன்று, குறுகி ஒலிப்பது. நாம் அதைக் குற்றியலுகரம் என்கிறோம். ஆயினும் எழுதும்போது முழு உகரமாகவே எழுதுகிறோம். மலையாளத்தார் இவ்வொலிக்குச் சந்திரக்கலை என்னும் பிறைக்குறியை இடுவர். அக்குறியைத் தமிழில் எழுத விரும்பும் குழந்தைக்குத் தெரிந்தது புள்ளி ஒன்றே. ஆகவே ‘வீட்’ என எழுதினாள். இதைச் சிவப்பு மசியால் அடித்த நான், தொல்காப்பியத்தை மறந்துவிட்டேன். மெய்யெழுத்தைப் போலவே குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கூறிய விதி. நாம் கைவிட்ட ஒரு வழக்கை, மலையாள எழுத்தின் வாயிலாக ஒரு சிறுமி தன்னையறியாமல் மீட்டிருந்தாள். இன்றைய வழக்கில் அது பிழையே. ஆனால் அறியாமையால் நேர்ந்த பிழை என்று அதைச் சொல்ல இயலுமா?

இங்கே மற்றொன்றையும் நோக்க வேண்டும். ஒருவர் செய்யும் பிழை மட்டுமன்று, அவர் செய்யாத பிழையும் சான்றாகும். அலுவலகத்தில் தமிழ்ப் பட்டதாரிகள் எழுதும் வரைவுகளை நான் நாள்தோறும் பார்வையிடுகிறேன். ‘முயற்சி’ என்பது ‘முயர்ச்சி’ ஆகும். ‘இறுதி’ என்பது ‘இருதி’ ஆகும். மனமும் மணமும் இடம் மாறும். ரகர றகரங்களையும் னகர ணகரங்களையும் ஒன்றாகவே ஒலிக்கும் பழக்கம் தமிழகத்தில் பரவிவிட்டமையால் நேரும் பிழைகள் இவை. மலையாளத்தார் இவற்றைப் பேச்சில் இன்றும் தெளிவாக வேறுபடுத்துகின்றனர். அந்த அஞ்சலட்டையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கிணறு, கண்ணாடி, கறுப்பு, கரும்பு என எல்லாம் பிழையின்றி இருந்தன. நான் திருத்தியவற்றை எண்ணினேனே அன்றி, அவள் சரியாக எழுதியவற்றை எண்ணவில்லை.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தெற்கே இடுக்கி மலைகளுக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோம் எனத் தம் மரபுரையில் கூறும் தமிழ்க் குடியானவர்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பிறகு, மூணாற்றைச் சூழத் தோட்டங்கள் தோன்றின. அங்கே உழைப்பதற்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் வழியே வந்தவர்கள் ஆயிரமாயிரம். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாவது பெருவழக்கு. வாழைப்பழம் அங்கே ‘வாளப்பளம்’. இம்மரபில் வந்த பிள்ளை மலையாளத்தில் ‘மழ’ என்பதை ‘மள’ என எழுதினால், அப்பிழை காட்டுவது தமிழை மட்டுமன்று. தமிழின் எந்தச் சீமையிலிருந்து அவன் பாட்டனார் மலையேறினார் என்பதையும் அது காட்டிவிடும். வடகேரளத்தில் சில பகுதியினர் மழையை ‘மய’ என்பர்; அவர் பிழை வேறு திசையைக் காட்டும்.

இவ்வாறு பிழையைத் தடயமாகக் கொள்ளும் முறை உலகின் பிற பகுதிகளிலும் வளர்ந்துள்ளது. உரோமப் பேரரசின் பிற்காலத்தில் ஓர் ஆசிரியர், மக்கள் தவறாக எழுதும் இலத்தீன் சொற்களைத் தொகுத்து, 227 திருத்தங்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை இயற்றினார். கண்ணாடியைக் குறிக்கும் ‘ஸ்பெகுலும்’ என்னும் சொல்லை ‘ஸ்பெக்லும்’ எனச் சுருக்குவது பிழை என்கிறது அப்பட்டியல். அவர் திருத்தியும் மக்கள் திருந்தவில்லை. அந்தப் ‘பிழை’ வடிவமே இத்தாலியத்தில் ‘ஸ்பெக்கியோ’ என்றும், ஸ்பானிய மொழியில் ‘எஸ்பேஹோ’ என்றும் செம்மொழிச் சொற்களாக இன்று வழங்குகிறது. நம் மாங்காய்க்கும் ‘மாங்ங’வுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. சோழ நாட்டுப் புலவர் ஒருவர் பிழை எனத் தள்ளியிருக்கக்கூடிய வடிவம், இன்று கோடிக்கணக்கான மக்களின் இலக்கிய மொழியாக விளங்குகிறது.

அண்மைக் காலத்தில் இம்முறை நீதிமன்றத்துக்கும் சென்றது. 1932ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திச் சென்றவன் பணம் கேட்டு ஆங்கிலத்தில் மடல்கள் எழுதினான். ‘குட்’ என்னும் சொல்லை ஜெர்மானியர் எழுதும் முறையில் எழுதியிருந்தான். ‘எனிதிங்’ என்பதை ‘எனிடிங்’ என எழுதியிருந்தான். ஆங்கிலேயர் நுனிநாவைப் பல்லிடையில் வைத்து ஒலிக்கும் அந்த ஒலி ஜெர்மன் மொழியில் இல்லை. எழுதியவன் ஜெர்மானியனாதல் கூடும் என்னும் கருத்து அப்பொழுதே எழுந்தது. 1934இல் கைதான புரூனோ ஹாப்ட்மன் ஜெர்மனியில் பிறந்த தச்சன். 1936இல் அவன் மின் நாற்காலியில் உயிரிழந்தான். அத்தீர்ப்பைப் பற்றிய வாதங்கள் பின்னரும் ஓயவில்லை. ஏனெனில், எழுத்துப் பிழை ஒருவன் எம்மொழியினன் எனக் காட்டலாமேயன்றி, அவன் குற்றவாளி எனக் காட்டாது. அந்நகரத்தில் ஜெர்மானியர் பல்லாயிரவர் இருந்தனர்.

மொழியறிஞர் இவ்விஷயத்தைக் கல்வி நோக்கில் ஆராயத் தொடங்கியது அதன் பின்னரே. 1957இல் இராபர்ட் லாடோ, கற்பவனின் மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால், எங்கே இடறுவான் என்பதை முன்கூட்டியே சொல்லலாம் என்றார். 1967இல் கார்டர் என்னும் அறிஞர் ஒருபடி மேலே சென்று, கைதவறி நேரும் நழுவல் வேறு, கற்பவனின் மனத்தில் உருவாகிவரும் விதியைக் காட்டும் பிழை வேறு எனப் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகைப் பிழை, ஆசிரியருக்குக் கிடைத்த செய்தி என்பது அவர் கொள்கை. 2005ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த மோஷே கோப்பலும் அவர் துணைவரும், ஐந்து மொழியினர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, எழுத்துப் பிழைகளையும் பிற தடயங்களையும் கொண்டு, நூற்றுக்கு எண்பது கட்டுரைகளில் எழுதியவரின் தாய்மொழியைச் சரியாகக் கண்டனர். 2017இல் இந்தியரின் ஆங்கிலத்தைக் கொண்டே இத்தகைய ஆய்வுப் போட்டி ஒன்று நடைபெற்றது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்னும் ஆறு மொழியினரைப் பிரித்தறிவதே அதில் தரப்பட்ட பணி. அதை நடத்தியவருள் கோவையை அடுத்த எட்டிமடையிலுள்ள அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளரும் இருந்தனர். எட்டிமடையிலிருந்து வாளையாற்று எல்லை கூப்பிடு தூரந்தான். தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்திலேயே இவ்வாராய்ச்சிக்கு நாட்டம் எழுந்தது பொருத்தமானதே.

ஆயினும், எல்லைப்புறத்தில் நின்று நோக்குவார்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். பிழை காட்டுவது தாய்மொழியைத்தானா? என் தமக்கை மகளின் மடலை அந்தக் கணிப்பொறியிடம் கொடுத்தால், எழுதியவள் மலையாளப் பெண் என்றே அது தீர்ப்பளிக்கும். அவள் தாய்மொழியோ தமிழ்; தாலாட்டும் தமிழ்; சண்டையும் தமிழ். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் பிள்ளைகள் மலையாளப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்கள் வீட்டில் பேசும் மொழியோ வேறு. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசியும், அத்தமிழை மலையாள எழுத்திலேயே எழுதும் குடும்பங்கள் பல. இவர்கள் பிழை காட்டுவது பெற்ற தாயை அன்று, எழுத்தறிவித்த பள்ளியை. நாவுக்கு ஒரு தாய்மொழி இருப்பதுபோல், கைக்கும் ஒரு தாய்மொழி உண்டு. பல இடங்களில் அவையிரண்டும் ஒன்றாக இருப்பதால் நாம் வேறுபாட்டை உணர்வதில்லை. எல்லையில் வாழ்வோரிடத்தில் அவை பிரிந்து நிற்கின்றன. ஆதலால், பிழையைக் கொண்டு ஒருவரின் மொழியைத் துணியும் எவரும் எல்லைப்புறக் குழந்தையின் மடலை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

எல்லை என்பதும் நாம் இட்ட கோடுதான். சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. அதைச் சூழ்ந்த பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதி தாய்த் தமிழகத்துடன் இணைந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களையும் இணைக்க வேண்டுமென எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. கோட்டின் அப்பால் நின்றுவிட்ட தமிழருக்குச் சட்டம் சில காப்புகளை வழங்கியுள்ளது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ விதி, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடியரும் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த வகைசெய்தது. சித்தூர், தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. எனினும், வேலைக்கும் மேற்படிப்புக்கும் மாநில மொழி வேண்டுமென்று கருதும் பெற்றோர் மலையாள வகுப்பையே நாடுவதில் குறை காண இயலாது. என் தமக்கையும் அவ்வாறே நாடினார்.

பிழையைத் தடயமாகக் கொள்வதில் பெரிய ஆபத்தும் உண்டு. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு செய்தி வருகிறது. யோர்தான் ஆற்றுத் துறைகளில் தப்பிச் செல்வோரை நிறுத்தி, ‘ஷிபோலேத்’ எனச் சொல்லுமாறு பணித்தனர். ‘சிபோலேத்’ என்று சொன்னவர் எப்பிராயீமியர் என அறிந்து வெட்டி வீழ்த்தினர். பழங்கதை என இதைத் தள்ளிவிட முடியவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்செயலின்போது, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லை ஒலிக்கச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்ட கொடுமையைத் தப்பியோர் கூறியுள்ளனர். சொல்லின் முதலில் பகரத்தை வல்லோசையாகவே ஒலிக்கும் தமிழ் நா, அந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் கையில் அறிவாக இருக்கும் ஒன்று, வெறுப்பினர் கையில் வாளாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. உயிருக்கு ஊறு நேராத இடங்களிலும், ‘நீ எங்கள் ஆள் அல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதற்கு ஓர் எழுத்துப் பிழை போதுமானதாகிவிடுகிறது. எல்லைப்புறக் குழந்தைக்கு இந்த அடி இருபுறமும் விழுகிறது. மலையாளத்தில் பிழை செய்தால் ‘தமிழன்’ என்பர். தமிழில் பிழை செய்தால் ‘மலையாளி’ என்பர். சிவப்பு மசியுடன் அமர்ந்த நானும் அந்த இரண்டாம் கூட்டத்தில் ஒருவனாக இருந்தேன்.

இவ்வுரையைப் படிக்கும் நேயர்களின் இல்லங்களிலும் இத்தகைய மடல்கள் இருக்கும். தில்லியில் இந்தி வழியாக எழுத்தறிந்த தமிழ்க் குழந்தைகளுக்கு எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கும். ‘என் வீடு’ என்பது ‘ஏன் வீடு’ ஆகும். ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகும். இந்தி எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனிவடிவம் இல்லாமையே காரணம். நம் ஓலைச்சுவடிகளிலும் இக்குறில் நெடில்கள் புள்ளி ஒன்றாலேயே வேறுபட்டன. ஏடெழுதுவோர் புள்ளியிடாது விட்டமையால் மயங்கிக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகே இன்றுள்ள தெளிவு வந்தது. ஆகவே தில்லிக் குழந்தையின் பிழைக்கும் நம் முன்னோர் ஏட்டில் ஒரு முன்மாதிரி உண்டு.

அவ்வாறாயின், பிழையைத் திருத்த வேண்டாமா எனக் கேட்கலாம். திருத்தத்தான் வேண்டும். பொதுவான எழுத்து முறை இல்லையேல், பொள்ளாச்சியில் எழுதியதைப் பினாங்கில் படிக்க இயலாது. ஆனால் திருத்துமுன் அப்பிழை எங்கிருந்து வந்தது என அறிதல் வேண்டும். ‘நகரம் சொல்லின் முதலில் வரும், தகரத்துக்கு முன் வரும், பெரும்பாலும் மற்ற இடங்களில் னகரமே வரும்’ என ஒரு விதியைச் சொல்லிவிட்டால், இருபது பிழைகள் ஒரே நாளில் மறையும். இருபதையும் தனித்தனியே சிவப்பில் சுழித்தால், மறைவது பிழையன்று; எழுதும் ஆசையே.

நான் என் தமக்கை மகளுக்கு மீண்டும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுதிய ‘வீட்’ என்பதற்குத் தொல்காப்பியம் துணை நிற்கும் செய்தியையும் எழுதினேன். இரு வாரம் கழித்து மறுமடல் வந்தது. அதிலும் பிழைகள் இருந்தன. நகர னகர விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மடலுக்கு அடுத்த விதி. இன்று அவள் உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறாள். இரு மொழியிலும் தடையின்றி எழுதுகிறாள். அண்மையில் தில்லியில் படிக்கும் என் மகன் அவளுக்கு ஒரு மடல் எழுதினான். அதில் அவன் ‘முயர்ச்சி’ என எழுதியிருந்ததை அவள் கண்டுகொண்டாள். ‘றகரத்தை அழுத்திச் சொல்லிப் பார், பிறகு எழுது’ என்று அவனுக்கு அறிவுரை கூறியிருந்தாள். அவள் மடலில் சிவப்பு மசி ஓரிடத்திலும் இல்லை.